வலிப்பு ஒப்பரேசனுக்கு முன்னம் எடுக்கிற ஞாபக டெஸ்ட்: வாற ஸ்கோர் உண்மையா இருக்க என்ன செய்யோணும்

வலிப்புக்கு ஒப்பரேசன் செய்யலாமோ எண்டு பாக்கத் தொடங்கினா மூளையை ஸ்கான் பண்ணுற எம்ஆர்ஐ, வலிப்பு வரேக்கை ஆளையும் மூளையின்ர மின் அலையையும் சேத்துப் பதியிற வீடியோ ஈஈஜி, அதோட ஞாபகம், பேச்சு எல்லாத்தையும் கேட்டுப் பாக்கிற நியூரோசைக்கோலஜி டெஸ்ட் எண்டு எழுதிக் குடுப்பினம். முதல் ரெண்டுக்கும் எங்கட சனம் நகையை அடகு வைச்செண்டாலும் ஓடித் திரியும், மூண்டாவதை மட்டும் அது கேள்வி கேக்கிறது தானே, கூட்டிக்கொண்டு போய் இருத்தினாக் காணும் எண்டு விட்டுடும். நான் டொக்டர் இல்லை, கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் உளசமூக வேலை செய்யிற ஆள், வலிப்பு உள்ள ஆக்களின்ர குடும்பங்களோட கதைச்சுப் பழகினதில எனக்குத் தெரிஞ்சது ஒண்டு: ஸ்கான் மெசின் ஆள் எந்த ஊர், எத்தினையாம் வகுப்பு, ராத்திரி நித்திரை கொண்டவரோ எண்டு பாக்காது, இந்த டெஸ்ட் அதெல்லாத்தாலயும் மாறும். அதால உங்கட பக்கத்தில இருந்து கூடுதலாக் கவனிக்க வேண்டினது இதைத்தான்.

ஈர நெல்லைத் தராசில வைச்சா தராசு சரியாத்தான் காட்டும், ஆனா அது நெல்லின்ர நிறை மட்டும் இல்லை. டெஸ்டும் அப்பிடித்தான். ஸ்கோர் குறைவா வந்தா அது மூளையின்ர அந்தப் பக்கத்தின்ர பிரச்சினையோ, இல்லாட்டி மருந்தோ, மொழியோ, படிப்போ, பஸ்ஸில வந்த களைப்போ எண்டு பிரிச்சுச் சொல்லத் தெரியோணும். பிரிக்கிறது சைக்கோலஜிஸ்டின்ர வேலை, பிரிக்கத் தேவையான விசயத்தை அவரின்ர கையில குடுக்கிறது உங்கட வேலை.

முதல்ல ஏன் இந்த டெஸ்ட் எண்டு கொஞ்சம். வலிப்பு உள்ள ஆக்களில மூண்டில ஒரு பங்குக்கு மருந்தால கட்டுப்படாது. பொருத்தமான ரெண்டு மருந்தைச் சரியான அளவில குடுத்தும் நிக்கேல்லை எண்டா மருந்துக்கு அடங்காத வலிப்பு எண்டு சொல்லுவினம், அப்பத்தான் ஒப்பரேசன் கதை வரும். கூடச் செய்யிறது காதுக்கு உள்பக்கமா இருக்கிற டெம்போரல் லோப் எண்ட பகுதியில. கனடாவில 80 பேரை வைச்சுச் செய்து 2001இல வெளிவந்த ஆய்வில, ஒரு வருசத்துக்குப் பிறகு சுயநினைவு தப்புற வலிப்பு இல்லாமல் இருந்த ஆக்கள் ஒப்பரேசன் பக்கம் 58 வீதம், மருந்து மட்டும் எடுத்த பக்கம் 8 வீதம். அதால ஒப்பரேசன் எண்டவுடனை பயந்து ஓடாதேங்கோ. ஆனா அதே டெம்போரல் லோபுக்குள்ளதான் புது ஞாபகத்தைப் பதியிற ஹிப்போகாம்பஸ் இருக்கு, இடப்பக்கம் எண்டா பேச்சும் சொல்லும் கிட்டத்தான் இருக்கும்.

1953இல அமெரிக்காவில ஹென்றி மொலேசன் எண்ட ஆளுக்கு வலிப்பை நிப்பாட்டவெண்டு ஸ்கோவில் எண்ட சேர்ஜன் ரெண்டு பக்கத்திலயும் அந்த இடத்தை எடுத்திட்டார். வலிப்புக் குறைஞ்சது, ஆனா அவர் 2008இல சாகும்வரைக்கும் புதுசா நடக்கிறதை ஞாபகம் வைச்சிருக்க ஏலாமல் போச்சு. பிரெண்டா மில்னர் எண்ட சைக்கோலஜிஸ்ட் அவரைக் கன வருசம் படிச்சுத்தான் ஞாபகம் எங்க பதியுது எண்டதே உலகத்துக்கு விளங்கினது. இப்ப ஒரு பக்கத்தில மட்டும்தான் கை வைப்பினம், அப்பவும் மற்றப் பக்கம் தாங்குமோ, எடுக்கப்போற பக்கம் இன்னும் வேலை செய்யுதோ எண்டு பாக்கோணும். அதைத்தான் இந்த டெஸ்ட் பாக்குது.

இஞ்சதான் எங்கட சனத்துக்குப் பெரிய பிழை விளக்கம். ஸ்கொலர்ஷிப் சோதனை மாதிரி பாஸ், பெயில் எண்டு நினைப்பினம். கூட மார்க்ஸ் எடுத்தா ஒப்பரேசன் கிடைக்கும் எண்டு ஒராள் சொல்லும், இல்லை, குறைஞ்சாத்தான் கிடைக்கும் எண்டு இன்னொராள் சொல்லும். ரெண்டும் இல்லை. இடப்பக்கம் வலிப்பு இருந்து, சொல் ஞாபகம், அதாவது கேட்ட சொல்லை மனசில வைச்சிருக்கிறது, நல்லா இருக்கு எண்டு வந்தா, அந்தப் பக்கம் இன்னும் உழைக்குது, எடுத்தா இழக்கிறதுக்கு அங்க கன சாமான் இருக்கு எண்டு அர்த்தம். ஏற்கெனவே குறைஞ்சு போன ஆளுக்கு இழக்க அவ்வளவு இல்லை. கன ஆய்வுகளைச் சேத்து 2011இல வந்த ஒரு கணக்கில, இடப்பக்கம் செய்த ஆக்களில 44 வீதம் பேருக்குச் சொல் ஞாபகம் குறைஞ்சிருக்கு, வலப்பக்கம் செய்த ஆக்களில 20 வீதம். இடப்பக்கத்தில 34 வீதம் பேருக்குச் சாமான்களைப் பாத்துப் பேர் சொல்லுறதும் கஸ்டமாப் போயிருக்கு. பாடம் சொல்லிக் குடுக்கிற ரீச்சருக்கும் தோட்டம் செய்யிற ஆளுக்கும் இந்த இழப்பு ஒண்டாயிருக்காது, அதால ஆள் என்ன வேலை செய்யிறார், இனி என்ன செய்ய விருப்பம் எண்டதையும் கட்டாயம் சொல்லுங்கோ. ஸ்கோரைப் பொய்யாக் கூட்டினாலும் குறைச்சாலும் பிழையான முடிவு உங்கட ஆளின்ர தலையிலதான் விடியும்.

சரி, என்ன செய்யோணும். டேட் தரேக்கையே முதல் கேள்வி மொழியைப் பற்றிக் கேளுங்கோ: டெஸ்ட் தமிழில நடக்குமோ, செய்யிற ஆள் தமிழ் கதைப்பாரோ? கொழும்பு தேசிய வைத்தியசாலையில வலிப்புக்கெண்டே தனி நிலையம் இருக்கு, சில குடும்பங்கள் இந்தியாவுக்கும், வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கோ 1995இல இருந்து இந்த ஒப்பரேசன் செய்யிற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவுக்கோ போறவை. எங்க போனாலும் இதைக் கேக்க வெக்கப்படாதேங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தில, இடம் சொல்லேல்லை, டெஸ்ட் செய்தவருக்குத் தமிழ் தெரியாது, கூடப்போன அத்தானைத்தான் மொழிபெயர்க்க இருத்தியிருக்கினம். அத்தான் நல்ல மனுசன், பெடியன் திணறேக்கை கொஞ்சம் எடுத்துக் குடுத்திட்டார், வந்த ரிப்போர்ட்டில சொல் ஞாபகம் சாதாரணம் எண்டு கிடந்தது, எம்ஆர்ஐயில இடப்பக்க ஹிப்போகாம்பஸ் சுருங்கிக் கிடக்கு. கடைசியா தமிழ் தெரிஞ்ச ஆளை வைச்சுத் திரும்ப எடுக்கவேண்டி வந்தது. இலங்கையில தமிழும் அரச கரும மொழி, கேக்கிறது சண்டை பிடிக்கிறது இல்லை. ஆளே கிடைக்காது எண்டா பழகின ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, சொந்தக்காரர் வேண்டாம், ரிப்போர்ட்டில மொழிபெயர்ப்பாளரோட செய்தது எண்டு எழுதச் சொல்லுங்கோ.

மொழி ஏன் இவ்வளவு பெரிசு எண்டு விளங்க ஒரு டெஸ்டைக் கிட்ட நிண்டு பாப்பம். சொல்லுப் பட்டியல் டெஸ்ட் எண்டு ஒண்டு, ஒண்டோட ஒண்டு தொடர்பில்லாத 15 சொல்லு, ஒரு செக்கனுக்கு ஒண்டு எண்ட வேகத்தில வாசிப்பினம், குடை, ஆறு, சட்டி எண்டு (இது நானாச் சொல்லுறது, உண்மையான பட்டியல் இல்லை), வாசிச்சு முடியத் திரும்பச் சொல்லோணும், எந்த ஒழுங்கிலயும் சொல்லலாம். முதல்தரம் ஆறோ ஏழோ வரும். அதே பட்டியலைத் திரும்ப வாசிப்பினம், அப்பிடி அஞ்சுதரம். எத்தினை சொன்னவர் எண்டது மட்டும் இல்லை, ஒவ்வொருதரமும் கூடிக்கொண்டு போகுதோ, ஒரே இடத்தில நிக்குதோ எண்டதையும் குறிப்பினம். பிறகு வேற ஒரு பட்டியலை இடையில போட்டுக் குழப்பிட்டு முதல் பட்டியலைக் கேப்பினம், அதுக்குப் பிறகு படம் கீறுறது அது இது எண்டு 20, 30 நிமிசம் போக, எதிர்பாராம அந்தப் பட்டியலைத் திரும்பக் கேப்பினம். அந்தக் கடைசி ஸ்கோர்தான் இடப்பக்க டெம்போரல் லோபைப் பற்றிக் கூடச் சொல்லுறது. இப்ப நடுவில ஒருத்தர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தா செக்கனுக்கு ஒண்டு எண்ட வேகம் போச்சு. சொல்லே ஆளுக்குப் பழக்கமில்லாத எழுத்துத் தமிழா இருந்தா அதைப் பிடிக்கிறதிலயே கவனம் போயிடும், பதியிறதை அளக்கப் போய் மொழியை அளந்த மாதிரி முடியும்.

படத்தைக் காட்டிப் பேர் கேக்கிற டெஸ்ட் இன்னும் மோசம். போஸ்டன் நேமிங் டெஸ்ட் எண்டு உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒண்டில 60 படம். அதில பனிக்கட்டி வீடு, ஓக் மரத்துக் கொட்டை, பீவர் எண்ட மிருகம் எல்லாம் வரும். ஒட்டுசுட்டானில பிறந்து வளந்த ஒரு அம்மா ஓக் கொட்டையை எங்க கண்டவா? அவவுக்கு உலக்கையையும் சுளகையும் காட்டினா ஒரு நொடியில சொல்லுவா. அதால டெஸ்டில இருக்கிற ஆளுக்கு முதலே சொல்லி வையுங்கோ: ஒரு படத்தைத் தெரியாது எண்டு சும்மா விடக்கூடாது, இதை நான் வாழ்க்கையில காணேல்லை எண்டா அப்பிடிச் சொல்லோணும், தெரியும், பேர்தான் நாக்கில நிக்குது, வருதில்லை எண்டா அதையும் அப்பிடியே சொல்லோணும். இது ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ரெண்டாவது மட்டும்தான் மூளையைப் பற்றின தகவல்.

எண்ணுகளை வாசிச்சுத் திருப்பிச் சொல்லச் சொல்லுற டெஸ்டிலயும் மொழி விளையாடும். எண்ணுகளை உச்சரிக்க நேரம் கூட எடுக்கிற மொழியில ஸ்கோர் குறையும் எண்டு வேல்ஸ் மொழியையும் இங்கிலிசையும் வைச்சு 1980இலயே காட்டியிருக்கினம். உங்கட ஆள் போன் நம்பரை சைபர் ஏழு ஏழு எண்டு தமிழில சொல்லுறவரோ இங்கிலிசில சொல்லுறவரோ, எது பழக்கமோ அதில கேக்கச் சொல்லுங்கோ. ஒரு எழுத்தில தொடங்கிற சொல்லுகளை ஒரு நிமிசத்தில சொல்லச் சொன்னா, க எண்டா கா, கி, கு எல்லாம் சேருமோ எண்டு தொடங்க முதலே கேட்டுடோணும், நேரம் ஓடத் தொடங்கினாப் பிறகு கேட்டா அந்தச் செக்கன்கள் போனதுதான். மிருகங்களின்ர பேர் சொல்லச் சொல்லுறது எங்கட ஆக்களுக்குப் பறவாயில்லை, காட்டுக் கரையில இருக்கிற சனம் மரை, உக்குளான் எண்டு அடுக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது படிப்பு. இதில வன்னி ஆக்கள் கட்டாயம் வாயைத் திறக்கோணும். ஸ்கோர் எண்டது தனிய ஒரு நம்பர் இல்லை, அதே வயசு, அதே அளவு படிச்ச ஆக்களோட ஒப்பிட்டுத்தான் குறைவோ கூடவோ எண்டு சொல்லுவினம். இப்ப 1995இல விசுவமடுவில பிறந்த ஒரு பெடியனை எடுங்கோ. ஓஎல் எழுதினவர், ஃபோர்மில 11 வருசப் படிப்பு எண்டு போடுவினம். ஆனா அவர் 2008, 2009இல இடம்பெயர்ந்து பங்கருக்குள்ளயும் பிறகு மெனிக் பாம் முகாமில கூடாரத்திலயும் இருந்தவர், அதுக்கு முன்னமும் பின்னமும் ஓடினது பாதி, படிச்சது பாதி, உண்மையா வகுப்பில இருந்தது எட்டு வருசம் வருமோ தெரியாது. 11 வருசம் படிச்ச ஆளோட ஒப்பிட்டா அவரின்ர ஸ்கோர் அநியாயத்துக்குக் குறைவாத் தெரியும், இல்லாத மூளைக் குறைபாடு ரிப்போர்ட்டில ஏறும். அதால ஒரு பேப்பரில எந்த வருசம் எந்தப் பள்ளிக்கூடம், எப்ப இருந்து எப்ப வரைக்கும் படிக்கேல்லை எண்டு எழுதிக் குடுங்கோ. மறுவளமா, சேட்டிபிக்கட் ஒண்டும் இல்லாமல் பேப்பர் புத்தகம் எண்டு வாசிச்சுத் தள்ளுற ஆக்களும் இருக்கினம், அதையும் சொல்லுங்கோ. பெங்களூரில இருக்கிற நிம்ஹான்ஸ் எண்ட மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி 2004இல வெளியிட்ட டெஸ்ட் தொகுதியில பள்ளிக்கூடமே போகாத ஆக்களுக்கும் தனியா ஒப்பீட்டு அளவு வைச்சிருக்கினம், ஆனா அது கர்நாடகாச் சனத்தில எடுத்தது. எந்தச் சனத்தோட ஒப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறது நல்ல கேள்வி, நல்ல சைக்கோலஜிஸ்ட் அதுக்குக் கோவிக்க மாட்டார்.

படம் பாத்துக் கீறுறதும் அப்பிடித்தான். கோடும் பெட்டியும் வட்டமுமாச் சிக்கலான ஒரு உருவத்தைப் பாத்துக் கீறச் சொல்லி, அரை மணித்தியாலம் போகப் பாக்காமல் கீறச் சொல்லுவினம். இருவது வருசமா மம்பெட்டி பிடிச்ச கைக்குப் பென்சில் பிடிக்கிறதே புதுசு. பாத்துக் கீறினதே கோணலா இருந்தா பிறகு ஞாபகத்தில கீறினது கோணல் எண்டதை வைச்சு ஞாபகம் இல்லை எண்டு சொல்ல ஏலாது. வலப்பக்க டெம்போரல் லோபைப் பிடிக்க இந்தப் பட டெஸ்டுகள் எப்பிடியும் அவ்வளவு நம்பிக்கையானது இல்லை, ஏனெண்டா ஆக்கள் உருவத்தைப் பாத்து மனசுக்குள்ள வீடு மாதிரி, மேல சிலுவை எண்டு சொல்லாக்கிப் பதிவினம், அது திரும்ப இடப்பக்க வேலையாப் போயிடும். என்ர அபிப்பிராயம், ரிப்போர்ட்டில இந்த ஒரு டெஸ்டை மட்டும் வைச்சு ஏதும் பெரிசா எழுதியிருந்தா இன்னொருக்கா விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ.

காது, கண், கை, தலை. செல் விழுந்து காது அடைச்ச ஆக்கள் எங்கட பக்கம் கனபேர், அரைவாசிக் காது கேளாமலே பழகிட்டினம், வீட்டில ஆருக்கும் தெரியாது. வாசிக்கிற சொல்லே கேக்கேல்லை எண்டா ஞாபகத்தில எப்பிடி நிக்கும், எந்தக் காது நல்லமோ அந்தப் பக்கம் இருந்து கதைக்கச் சொல்லுங்கோ. கண்ணாடி போடுற ஆள் கண்ணாடியோட போகோணும். சின்னனில இடக்கையால எழுதின பிள்ளையை அடிச்சு வலக்கைக்கு மாத்தியிருந்தா அதைக் கட்டாயம் சொல்லோணும், வலக்கைக்காரரில பெரும்பாலும் எல்லாருக்கும் பேச்சு இடப்பக்கம்தான், இடக்கைக்காரரில நாலில ஒராள் அளவுக்கு வலப்பக்கமா இருக்கலாம், சின்ன வயசிலயே இடப்பக்கம் அடிபட்டிருந்தா அது இன்னும் கூட. உடம்பில செல் துண்டு இருந்தா, தலைக்குள்ள எண்டாச் சொல்லவே வேண்டாம், எம்ஆர்ஐக்கு டேட் குடுக்கிற மேசையிலயே சொல்லுங்கோ. அதால எம்ஆர்ஐ எடுக்க ஏலாமல் போனா, பேச்சு எந்தப் பக்கம் எண்டு பாக்கிற ஃபங்ஷனல் எம்ஆர்ஐயும் ஏலாது, அப்ப இந்தப் பேச்சு ஞாபக டெஸ்டுகளின்ர பாரம் இன்னும் கூடும். ஒரு பக்க மூளையைக் கொஞ்ச நிமிசம் மயக்கிப் போட்டு மற்றப் பக்கத்தைச் சோதிக்கிற வாடா டெஸ்ட் எண்டு ஒண்டும் இருக்கு, அதிலயும் ஃபங்ஷனல் எம்ஆர்ஐயிலயும் கேக்கிற கேள்வி ஆளின்ர மொழியில இருக்கோணும்.

மருந்து. கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்ட்டுகளையும் உள்ளதெல்லாம் கொண்டு போங்கோ. டோபிரமேட் எண்ட குளிசை சொல்லு வாறதை மந்தமாக்கும், கதைக்கேக்கை தேடித்தேடிக் கதைப்பினம், ஸொனிசமைடும் அப்பிடித்தான். பீனோபார்பிட்டோன், குளோபஸாம் நித்திரைத் தூக்கமும் மந்தமும் குடுக்கும், வல்ப்ரோயேட்டால கை நடுங்கும், கீறுறது பழுதாகும். டெஸ்டுக்குக் கிட்டடியில மருந்து மாத்தினதோ அளவு கூட்டினதோ எண்டாத் திகதியோட சொல்லுங்கோ. ஒண்டு மட்டும் தெளிவா எழுதுறன், டெஸ்ட் நல்லா வரட்டும் எண்டு நீங்களா மருந்தை நிப்பாட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, வலிப்புத் தொடந்து வந்து உயிருக்கே ஆபத்தாப் போகும். மாத்தோணும் எண்டா டொக்டர் மாத்தட்டும்.

வலிப்பு வந்த கையோட எடுக்கிற டெஸ்ட் உதவாது. ஒரு வலிப்புக்குப் பிறகு மணித்தியாலக் கணக்கா, சில ஆக்களுக்கு அடுத்த நாள் வரைக்கும் ஞாபகமும் சொல்லும் மங்கலாத்தான் இருக்கும். கடைசியா எப்ப வந்தது எண்டு நேரத்தோட எழுதி வையுங்கோ, முதல்நாள் ராத்திரி வந்திருந்தா மறைக்காமல் சொல்லி வேற டேட் கேளுங்கோ, இவ்வளவு தூரம் வந்திட்டம் செய்திட்டே போவம் எண்டு நினைக்கிறதுதான் கூட நடக்கிறது. வீடியோ ஈஈஜிக்கு வார்டில வைச்சிருக்கேக்கை வலிப்பு வரவெண்டே மருந்தைக் குறைப்பினம், நித்திரை முழிக்க வைப்பினம், டெஸ்டை அதுக்கு முன்னம் எடுக்க ஏலுமோ எண்டு கேளுங்கோ. கவனத்தோட இருக்க வேண்டின இன்னொண்டு, டெஸ்ட் நடக்கேக்கையே சின்ன வலிப்பு வந்து போறது. விறைச்சுப் பாக்கிறது, வாய் சப்புறது, கையால சட்டையைத் தடவுறது எண்டு உங்கட ஆளுக்கு எப்பிடி வரும் எண்டு செய்யிறவருக்கு முதலே காட்டிச் சொல்லுங்கோ, போனில வீடியோ இருந்தாக் காட்டுங்கோ, இல்லாட்டி அந்த அரை நிமிசத்தை அவர் கவனமில்லை எண்டு குறிச்சிட்டுப் போயிடுவார்.

பயணம். கிளிநொச்சியில ராத்திரி பஸ் ஏறி விடிய இருட்டோட கொழும்பில இறங்கி, முகம் கழுவிட்டு எட்டு மணிக்கு வரிசையில நிண்டு, பத்து மணிக்கு டெஸ்டுக்கு இருந்தா அது நித்திரை இல்லாத மூளையின்ர ஸ்கோர். நித்திரை முழிப்பு வலிப்பையும் கொண்டு வரும். முதல்நாள் பகல் ரெயினில போய் வெள்ளவத்தையிலயோ வேற எங்கயோ சொந்தக்காரர் வீட்டில நல்லா நித்திரை கொண்டு போங்கோ, ஆருமில்லாட்டி லொட்ஜ் காசு போனாலும் போகட்டும், திரும்பவொருக்கா வாற செலவை விட அது குறைவு. காலமை சாப்பிட்டு, குளிசையை வழமையான நேரத்துக்குப் போட்டு, தண்ணிப் போத்தலும் ஏதும் கடிக்கிறதும் கொண்டு போகோணும், டெஸ்ட் மூண்டு நாலு மணித்தியாலம், சிலவேளை அதுக்கு மேலயும் போகும். களைச்சா இடைவேளை கேக்கலாம், ரெண்டு நாளாப் பிரிச்சுச் செய்யச் சொல்லியும் கேக்கலாம்.

மனசு. யோசனை கூடின ஆளுக்கு ஞாபகம் நிக்காது எண்டு எங்கட அம்மம்மாவைக்கே தெரியும், டெஸ்டிலயும் அதுதான். வலிப்பு உள்ள ஆக்களுக்கு மனச்சோர்வு கூட வாறது, அதை மட்டும் பாக்க ஆறு கேள்வியில ஒரு சின்னப் ஃபோர்மே 2006இல செய்து வைச்சிருக்கினம். எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை எண்டு ஆள் சொல்லுற முறைப்பாடு கன நேரம் டெஸ்ட் ஸ்கோரோட பொருந்திறதை விட மனச்சோர்வோடதான் பொருந்தும். சண்டையில ஆக்களைப் பறிகுடுத்தது, காணாமல் போன அண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறது, நித்திரையில திடுக்கிட்டு எழும்பிறது, இதையெல்லாம் மூளை டெஸ்டுக்கு ஏன் சொல்லுவான் எண்டு விடாதேங்கோ. முழு விபரமும் தேவையில்லை, இப்பிடி ஒண்டு இருக்கு எண்டாக் காணும். பூட்டின அறை, பெலத்த சத்தம் ஒத்துவராது எண்டா அதையும் சொல்லுங்கோ.

இனி, பழகிட்டுப் போறது. யூடியூப்பில ஞாபக டெஸ்ட் தேடி ரெண்டு கிழமை பயிற்சி எடுத்திட்டு வந்த பிள்ளையை எனக்குத் தெரியும், தாய்க்குப் பெருமை வேற. பழகினா ஸ்கோர் கூடும், மூளை கூடாது, அதால மற்றப் பக்கம் நல்லாத் தாங்கும் எண்டு பிழையா நினைச்சிடுவினம். கொடுப்பனவு வெட்டிப்போடுவினமோ எண்ட பயத்தில வேணுமெண்டு குறைச்சுச் செய்யிறதும் நடக்கிறது. இதைப் பிடிக்கவெண்டே தொகுதிக்குள்ள சில டெஸ்ட் ஒளிச்சு வைச்சிருப்பினம், பாக்கக் கஸ்டம் மாதிரி இருக்கும், ஆனா உண்மையில ஞாபகம் மோசமான ஆக்களே செய்யக்கூடியது. எது எண்டு நான் எழுத மாட்டன், எழுதினா அது பிறகு வேலை செய்யாது. அதில குறைஞ்சா மற்ற எல்லா ஸ்கோரையும் நம்ப ஏலாது எண்டு ஆகும். கள்ளம் செய்தது எண்டுதான் எப்பவும் அர்த்தம் இல்லை, நித்திரை, இடையில வந்த வலிப்பு, விருப்பமில்லாமல் இருந்தது, படிப்போ அறிவோ மிகவும் குறைவு எண்டாலும் அப்பிடி வரலாம், அதால ரிப்போர்ட்டில அந்த வரியைக் கண்டாக் குமுறாமல் என்ன காரணமா இருக்கும் எண்டு கேளுங்கோ.

ரிப்போர்ட் வந்தா மூண்டு விசயம் கேளுங்கோ. எந்தச் சனத்தோட ஒப்பிட்டது? இது எம்ஆர்ஐயும் ஈஈஜியும் சொல்லுற பக்கத்தோட ஒத்துப்போகுதோ? ஒத்துப்போகேல்லை எண்டா டெஸ்ட் நடந்த முறையில பிழையோ, இல்லை இவருக்குப் பேச்சு மற்றப் பக்கமோ? முப்பது மார்க்ஸுக்குப் பத்து நிமிசத்தில செய்யிற மோக்கா மாதிரி ஒண்டை மட்டும் எடுத்திட்டு ஞாபக டெஸ்ட் முடிஞ்சுது எண்டு சொன்னா, அது மேலோட்டமாச் சலிச்சுப் பாக்கிறது மட்டும்தான், ஒப்பரேசன் முடிவுக்குக் காணாது. இன்னொண்டு, அரை மணித்தியாலத்துக்குப் பிறகு கேக்கிறதில எல்லாம் சரி எண்டு வாற சில ஆக்கள் ரெண்டு மூண்டு கிழமையில அதே விசயத்தை அடியோட மறந்திருப்பினம். போன மாசக் கலியாணவீட்டுக்குப் போனதே ஞாபகம் இல்லை, ஆனா டெஸ்ட் நல்லா இருக்கு எண்டா வீட்டில நடந்த அப்பிடி ரெண்டு மூண்டு சம்பவத்தைத் திகதியோட எழுதிக் குடுங்கோ, அந்த அறைக்குள்ள அதைக் கண்டுபிடிக்க அவைக்கு வேற வழி இல்லை.

ஒப்பரேசனுக்குப் பிறகு ஆறு மாசமோ ஒரு வருசமோ போகத் திரும்ப எடுப்பினம், அதோட ஒப்பிடத்தான் முதல் ரிப்போர்ட். ரெண்டாந்தரம் அதே பட்டியலைக் கேட்டா பழக்கத்தால கொஞ்சம் கூடும், அதால சமமான வேற பட்டியல் பாவிப்பினம், பாவிக்கேல்லை எண்டாக் கேளுங்கோ. ஒண்டு ரெண்டு மார்க்ஸ் ஏறி இறங்கினதுக்குத் துள்ளவும் வேண்டாம், அழவும் வேண்டாம், அளக்கிறதில எப்பவும் இருக்கிற தளம்பலையும் பழக்கத்தையும் தாண்டின மாற்றம்தான் மாற்றம். முதல்தரம் செய்த அதே மொழி, ஏலுமெண்டா அதே ஆள், அதே நேரம். ரிப்போர்ட்டில நல்லாக் குறைஞ்சது, சாதாரணம் எண்ட வசனம் மட்டும் போட்டுத் தந்தா அதில ஒப்பிட ஒண்டும் இல்லை, எந்த டெஸ்ட், எத்தினை ஸ்கோர், எந்த ஒப்பீட்டு அளவு எண்ட நம்பரோட கேட்டு வாங்குங்கோ. ரெண்டு ஃபோட்டோக் கொப்பி எடுத்து ஒண்டை கிளினிக் கொப்பிக்குள்ள வையுங்கோ, போனில படமும் எடுத்து வையுங்கோ.